மழைக்காலத்துத் தட்டில் கீரை எங்கே?



கடந்த அக்டோபர் மாதத்தில் ஒரு நாள். ஓய்வு நேரம். வெளியே ஓயாத மழை. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் உணவுக் கலத்தைத் திறந்தான். வெள்ளைச் சோறு, ஒரு பொரித்த முட்டை, மேலே கொஞ்சம் கிச்சாப். அவ்வளவுதான்.

"காய்கறி ஒன்றும் இல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"மழை பெய்யுது இல்ல டீச்சர். கீரை விலை ஏறிடுச்சாம். மழை நின்னதும் வாங்கலாம்னு அம்மா சொன்னாங்க."

அவன் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கீரை இருக்காது என்பதை, மழைக்காலத்தில் திடல் ஈரமாக இருக்கும் என்பதைப் போன்ற ஓர் இயற்கை நியதியாகவே எடுத்துக்கொண்டு உண்ணத் தொடங்கிவிட்டான். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. ஏனெனில் நாங்கள் அமர்ந்திருந்த சிற்றுண்டிச் சாலைக்குப் பின்புறம், இருபதடி தொலைவில், "காய்கறித் தோட்டம்" என்று அழகிய எழுத்தில் எழுதிய ஒரு பலகை நின்றுகொண்டிருந்தது. பலகையின் கீழே இருந்தவை புல்லும் தேங்கிய நீரும் மட்டுமே. அந்தத் தோட்டத்திற்குப் பொறுப்பாசிரியர்களில் நானும் ஒருத்தி.

இக்கட்டுரையைப் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கீரை மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் நாம் தோட்டத்தைக் கைவிடுகிறோம் என்பதையும், அதனை மாற்றுவதற்குப் பெரும் பொருள் தேவையில்லை, ஒரு கூரையும் கொஞ்சம் முன்யோசனையும் போதும் என்பதையும் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

நம் ஊரின் குளிர்காலம்

குளிர்நாடுகளில் பனிக்காலத்திலும் வீட்டுப் பின்புறத்தில் கண்ணாடிக் குடில் அமைத்துக் காய்கறி வளர்க்கிறார்கள் என்று படிக்கும்போது, "அது அவர்களுக்குத்தானே, நமக்கு ஏது குளிர்காலம்?" என்று நாம் கடந்து போய்விடுகிறோம். குருணில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம் பகல். பனி இல்லை, உறைதல் இல்லை. எந்த மாதத்தில் விதைத்தாலும் முளைக்கும். ஆகவே நமக்குக் குடில் எதற்கு?

ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலம் என்பது என்ன? செடி வளர இயலாத காலம். அந்த இலக்கணத்தின்படி பார்த்தால் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அதன் பெயர் மழைக்காலம்.

நம் கெடா மாநிலத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை. பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருமழை. டிசம்பரில் கிளந்தானையும் திரெங்கானுவையும் நனைக்கும் வடகிழக்குப் பருவமழையைத் தித்திவங்சா மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆனால் அதற்கு முன்பே நம் பாத்திகள் கரைந்து போய்விடுகின்றன. ஜெராய் மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இதனை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1,217 மீட்டர் உயர மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டால், கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறோம். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் அந்த மலையிலிருந்து இறங்கிய வெள்ளமும் சேறும் மரங்களும் உயிர்களைப் பறித்துச் சென்றதையும் நாம் மறக்கவில்லை. மழையின் வலிமையை அறிந்த ஊர் இது.

மழை செடியை எப்படிக் கொல்கிறது?

"தண்ணீர்தானே, செடிக்கு நல்லதுதானே?" என்று மாணவர்கள் கேட்பார்கள். செடிக்குக் காற்று, நீர், சூரிய ஒளி மூன்றும் வேண்டும் என்று நாம்தான் அறிவியல் பாடத்தில் சொல்லிக் கொடுத்தோம். அதே பாடத்தில்தான் விடையும் இருக்கிறது. மண் முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்றில்லை. செடி நீரில் நின்றுகொண்டே மூச்சு முட்டிச் சாகிறது.

அடுத்தது நாற்றழுகல். முளைத்து நான்கைந்து நாள் ஆன நாற்றின் தண்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் கருத்து, மெலிந்து, அப்படியே சாய்ந்துவிடும். ஈர மண்ணில் பெருகும் பூஞ்சைகளும் அவற்றை ஒத்த நுண்ணுயிர்களும் செய்யும் வேலை இது. காலையில் வரிசையாக நின்ற நாற்றுகள் மறுநாள் காலையில் நூல்போல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மனவேதனை தெரியும்.

மூன்றாவது, மழைத்துளியின் அடி. பெருமழையின் ஒவ்வொரு துளியும் மண்ணை அடித்து, சேற்றை இலையின் அடிப்பகுதியில் தெறிக்கச் செய்கிறது. சேற்றோடு நோயும் ஏறுகிறது. மிளகாயில் வட்ட வட்டமாகக் கருத்து அழுகும் நோய் ஒரு காயிலிருந்து மறு காய்க்குப் பரவுவதும் பெரும்பாலும் தெறிக்கும் நீரால்தான். பூவில் இருக்கும் மகரந்தமும் நனைந்து வீணாகிறது. பூ இருக்கும், காய் இருக்காது.

நான்காவது, உரம். யூரியா உரம் தயாரிக்கும் பெரிய ஆலை நம் குருணிலேயே இருக்கிறது. ஆனால் பெருமழையில் போடும் யூரியா செடிக்குப் போய்ச் சேர்வதில்லை. கரைந்து வாய்க்காலுக்குப் போகிறது. பணமும் அதனோடு போகிறது.

இத்தனை இடையூறுகளுக்கும் காரணம் ஒன்றே. மழை நேரடியாகப் பாத்தியின்மேல் விழுகிறது. அதனைத் தடுத்துவிட்டால் பெரும்பாலான தொல்லைகள் குறைந்துவிடும்.

மரத்திற்குக் குடை பிடித்தவர்கள் நாம்

இது நமக்குப் புதிய அறிவு அன்று. நம்மில் பலர் தோட்டப்புறத்தில் பிறந்தவர்கள், அல்லது தோட்டப்புறத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாது. வெட்டினாலும் மழைநீர் கோப்பையை நிரப்பிப் பாலைக் கெடுத்துவிடும். வெட்டு இல்லாத நாள், வருமானம் குறையும் நாள். ஆகவே சில தோட்டங்களில் வெட்டுக் கோட்டிற்கு மேலே மரத்தைச் சுற்றி நெகிழித் தாளைப் பாவாடைபோல் கட்டி, மழைநீர் வெட்டில் இறங்காதபடி செய்தார்கள். இரப்பர் மரத்திற்கே குடை பிடித்தவர்கள் நம்மவர்கள்!

என் பாட்டியும் அப்படித்தான். லயன் வீட்டின் பின்னே அவருக்கு ஒரு சிறிய காய்கறிப் பாத்தி இருந்தது. மழைக்காலம் வருமுன் நாற்றுப் பாத்தியின்மேல் நான்கு குச்சிகளை நட்டு, தென்னங்கீற்றைச் சாய்வாகப் போட்டு வைப்பார். "வேலைக்குப் போகாத நாளில்தான் கீரை வேணும்" என்பார். வெட்டு இல்லாத வாரத்தில் கடையில் கடன் சொல்லாமல் குழம்பு வைக்க அந்தப் பாத்தி உதவியது. அவர் வேளாண்மைக் கல்லூரியில் படித்தவரல்லர். மழைக்காலம்தான் பற்றாக்குறைக் காலம் என்பதை வயிற்றால் அறிந்தவர்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. நம் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. இந்நாட்டில் வீட்டுத் தோட்டத்தை ஊக்குவிக்க அரசாங்கமும் முயன்றது. 1974இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் பச்சைப் புத்தகத் திட்டம் வந்தது. 2006இல் பசுமை பூமித் திட்டம் வந்தது. ஆயினும் பழக்கம் நம் கையை விட்டு நழுவிக்கொண்டே போகிறது. தோட்டத்தில் பிறந்த நமக்குத் தோட்டம் போடத் தெரியவில்லை என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. வருத்தமாக இல்லையா?

நான் செய்த தவறு

அந்த மாணவனின் சொல் மனத்தை உறுத்தியதால், அவ்வாண்டே என் வீட்டில் முயற்சி செய்யத் தொடங்கினேன். முதலில் செய்தது பெரும் பிழை. குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து மயங்கி, இணையக் கடை ஒன்றில் சிறிய பசுமைக் குடில் ஒன்றை வாங்கினேன். நான்கு பக்கமும் நெகிழித் தாள், முன்பக்கம் இழுத்து மூடும் பற்சங்கிலி. அழகாக இருந்தது. உள்ளே நாற்பது மிளகாய் நாற்றுகளை அடுக்கி மூடிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அன்று பார்த்து நல்ல வெயில். பிற்பகலில் வந்து திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. நாற்பது நாற்றுகளும் வேகவைத்த கீரைபோல் தொங்கிக்கொண்டிருந்தன.

குடிலின்மேல் தவறில்லை. அது வேறு ஊருக்காகச் செய்யப்பட்டது. கண்ணாடிக் குடிலின் வேலை வெப்பத்தைச் சிறைப்பிடிப்பது. உரோமப் பேரரசர் திபேரியசுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் வேண்டும் என்பதற்காக, சக்கரம் வைத்த பாத்திகளை வெயிலில் தள்ளி வைத்து, குளிர் நாள்களில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் மூடி வைத்தார்கள் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் கண்ணாடி வந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் கெந்தக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மர்ட், விலை மிகுந்த கண்ணாடிக்குப் பதிலாக நெகிழித் தாளைக் கொண்டு குடில் அமைக்கலாம் என்று காட்டினார். ஆனால் அங்கெல்லாம் எதிரி குளிர். நமக்கு எதிரி மழை. வெப்பம் நமக்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

ஆகவே நமக்கு வேண்டியது சுவர் இல்லாத குடில். அதாவது, மேலே ஒளி புகும் கூரை, நான்கு பக்கமும் திறந்த வெளி. இதனையே மழைக்காப்புக் கூரை என்கிறார்கள். நம் நாட்டின் மார்டி எனப்படும் வேளாண் ஆய்வு நிறுவனமும் தாழ்நிலப் பகுதிகளுக்கென இத்தகைய அமைப்புகளை உருவாக்கியிருக்கிறது. கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவர்கள் மலைச்சரிவெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பார்த்த கூரைகளும் இவ்வினத்தைச் சார்ந்தவையே.

எங்கள் வீட்டுக் கூரை

என் வீட்டில் இப்போது இருப்பது 2 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு கூரை. இரும்புக் குழாய்க் கால்கள் ஆறு. நடுவே ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். இரு பக்கமும் சரிவு. மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் நெகிழித் தாள். இந்த இடத்தில் கருமித்தனம் கூடாது. சந்தையில் விற்கும் சாதாரணத் தாள் நம் வெயிலில் சில மாதங்களிலேயே நொறுங்கிவிடும். குடிலுக்கென்றே செய்த தாள் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைக்கும்.

கூரையின் கீழே, தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திய இரண்டு பாத்திகள். சுற்றிலும் வடிகால். கூரையின் ஓரம் பாத்தியைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையெனில் சாரல் உள்ளே வரும்.

கூரை போட்டபின் ஒரு வேடிக்கை தொடங்குகிறது. வெளியே மழை கொட்டும்போது உள்ளே செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்! பக்கத்து வீட்டு அக்கா முதல் நாள் என்னைப் பார்த்து, "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். செடிக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதை இப்போது மழை முடிவு செய்வதில்லை, நாம் முடிவு செய்கிறோம். இதில்தான் மழைக்கூரையின் பயனே அடங்கியிருக்கிறது.

அந்த நீரையும் மழையே தருகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். என் கூரை 8 சதுர மீட்டர். ஒரு பெருமழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 400 லிட்டர்! கூரை ஓரத்தில் குழாய் வைத்து இரண்டு பெரிய பீப்பாய்களில் பிடித்து வைக்கிறேன். ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பீப்பாயை வலையிட்டு இறுக மூட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கீரை வளர்க்கப் போய் டிங்கிக் கொசு வளர்த்துவிடக் கூடாது.

கூரையைவிட முக்கியமானது நாள்காட்டி

குளிர்நாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டியது கண்ணாடியை அன்று, காலக் கணக்கை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்னும் விவசாயி, சூடேற்றாத குடில்களில் பனிக்காலம் முழுவதும் கீரை அறுவடை செய்து உலகப் புகழ் பெற்றவர். அவர் முறையின் உயிர்நாடி இதுதான்: பகல் 10 மணி நேரத்திற்குக் கீழே குறைந்துவிட்டால் செடி ஏறக்குறைய வளர்வதை நிறுத்திவிடும். ஆகவே அதற்கு முன்பே செடி வளர்ந்து முடிந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் வளர்ப்பதில்லை, குளிர்காலத்தில் பறிக்கிறார்கள். விதைப்பதோ கோடையின் இறுதியிலேயே!

நாம் என்ன செய்கிறோம்? மழை தொடங்கி, விலை ஏறிய பிறகு, "நாமும் கொஞ்சம் நடலாமே" என்று விதைப் பொட்டலம் வாங்குகிறோம். நாற்று மிக இளமையாக இருக்கும்போது மழை மிகக் கடுமையாக இருக்கிறது. தோற்காமல் என்ன செய்யும்?

என் பட்டறிவில் கண்ட கணக்கைச் சொல்கிறேன். மிளகாய், கத்தரி இரண்டையும் ஜூலையில் விதையிட வேண்டும். மிளகாய் காய்க்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அக்டோபர் மழையில் செடி முழங்காலுக்கு மேல் நின்று காய்க்கத் தொடங்கியிருக்கும். வெண்டையை ஆகஸ்டு நடுவில் ஊன்றினால் இரண்டு மாதத்திற்குள் பறிக்கலாம். சவி, தண்டுக்கீரை போன்றவற்றை ஒரே நாளில் மொத்தமாக விதைக்காமல், இரண்டு வாரத்திற்கு ஒரு முறை ஒரு சிறு வரிசையாக விதைக்க வேண்டும். நான்கைந்து வாரத்தில் பறிக்கத் தொடங்கலாம். ஒரு வரிசை தட்டிற்கு வரும்போது அடுத்த வரிசை வளர்ந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றிற்கும் கூரை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கங்குங் நீரை விரும்பும் கீரை. கூரைக்கு வெளியே ஈர ஓரத்தில் அது மகிழ்ச்சியாக வளரும். சேம்பும் அப்படியே. முருங்கையும் கறிவேப்பிலையும் மேட்டு நிலத்தில் மரமாகிவிட்டால் மழையைத் தாமே சமாளித்துக்கொள்ளும். கூரையின் கீழ் இருக்கும் சிறிய இடத்தை, மழை தாங்காத செடிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். தக்காளிக்கு ஆசைப்படாதீர்கள். நம் தாழ்நிலத்தின் வெப்பமான இரவுகளும் வாடல் நோயும் கூரை போட்டாலும் விலகுவதில்லை.

போட்டித் தோட்டமும் உண்ணும் தோட்டமும்

இப்போது பள்ளிக்கு வருகிறேன். சற்றுக் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பல ஆண்டுகளுக்கு முன் பணியாற்றிய ஒரு பள்ளியில், தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வரும் நாளுக்கு முந்திய மாலையில், நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்த செடிகளைத் தொட்டியோடு மண்ணில் புதைத்தோம். மறுநாள் படம் எடுத்தார்கள். பாராட்டினார்கள். அடுத்த வாரம் மழை வந்தது. அதன்பின் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மாணவர்கள் அன்று என்ன கற்றார்கள்? செடி வளர்ப்பதையா, நடிப்பதையா? அந்த மண்ணைத் தோண்டிய கைகளில் என் கையும் ஒன்று. ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

பள்ளித் தோட்டத்தின் வெற்றியை அளக்க ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும். அக்டோபர் மாதத்தில் எத்தனைப் பிள்ளைகள் அதிலிருந்து ஒரு வேளை கீரை உண்டார்கள்? பலகையின் அழகும் பாத்தியைச் சுற்றி அடுக்கிய வண்ணப் புட்டிகளும் இதற்குப் பின்னரே.

சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வு, இந்நாட்டின் பெரியவர்களில் 100க்கு ஏறக்குறைய 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று கூறியது. பெரியவர்கள் உண்ணாததைப் பிள்ளைகள் எங்ஙனம் உண்பார்கள்? தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்னும் கால்-கால்-அரைப் பாடத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். சுவரில் இருக்கும் கீரையை யாரும் உண்ண முடியாது.

தான் விதைத்து, தான் நீரூற்றி, தான் பறித்த வெண்டைக்காயை "பிடிக்காது" என்று ஒதுக்கிய பிள்ளையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இது ஏட்டுச் சுரைக்காய் அன்று, கறிக்கு உதவும் சுரைக்காய்.

சில ஐயங்கள்

"ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஆவண வேலையே தலைக்கு மேல் இருக்கிறது, இதில் தோட்டமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆகவேதான் பெரிய தோட்டம் வேண்டாம் என்கிறேன். 3 மீட்டருக்கு 6 மீட்டர் கூரை ஒன்று, அதன் கீழ் மூன்று பாத்திகள். நாளொன்றுக்கு ஒரு வகுப்பு, பத்து நிமிடம். ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள்களை ஐந்து வகுப்புகள் பகிர்ந்துகொள்ளலாம். வெள்ளி, சனி விடுமுறைக்கும் பள்ளி விடுமுறைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் முறை வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளித் தோட்டங்களைச் சாகடிப்பதில் மழைக்கு அடுத்த இடம் விடுமுறைக்குத்தான்.

"செலவு?" என் வீட்டுக் கூரைக்கு ஏறத்தாழ 500 ரிங்கிட் ஆனது. குழாய்களில் பாதி, பழைய கூடாரத்திலிருந்து கிடைத்தவை. பள்ளிக் கூரைக்கு இதனைவிடக் கூடுதலாகும். பற்றுவேலை தெரிந்த பெற்றோர் நம் பள்ளிகளில் இல்லையா? ஒரு காலை நேரக் கூட்டுப்பணியில் கூரையை எழுப்பிவிடலாம்.

"நெகிழி சுற்றுச்சூழலுக்குக் கேடல்லவா?" ஆம், இதனை மறைக்கக் கூடாது. கேமரன் மலையில் அளவின்றிப் பரவிய கூரைகளிலிருந்து மழைநீர் மண்ணில் இறங்காமல் ஒரே வேகத்தில் ஓடுவது வெள்ளத்திற்கு ஒரு காரணம் என்று குறை கூறப்பட்டதை அறிவோம். ஆகவே நம் கூரை சிறியதாக இருக்க வேண்டும். அதன் நீர் பீப்பாயில் பிடிக்கப்பட வேண்டும், மிஞ்சியது வடிகாலில் சேர வேண்டும். தாள் கிழிந்தால் எரிக்காமல் முறைப்படி அகற்ற வேண்டும்.

"காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டால்?" மாலை நேர இடிமழையின் காற்று வலியது. கால்களைச் சிமெந்தில் ஊன்ற வேண்டும். தாளைத் தளர்ச்சியின்றிக் கட்ட வேண்டும். பிள்ளைகள் நடமாடும் இடம் என்பதால் இதில் அலட்சியம் கூடவே கூடாது. புயல்மழையின்போது கூரையின் அருகே மாணவர்களை விடக் கூடாது.

இன்னொன்று. கூரை போட்டபின் பூச்சித் தொல்லை சற்று மிகும். மழை கழுவிச் சென்ற அசுவினியும் வெள்ளை ஈயும் இப்போது இலையின் அடியில் நிம்மதியாகக் குடியிருக்கும். வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இதைவிட விருப்பமான வேலை கிடையாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

"டீச்சர், எங்களுக்கு மண்ணே இல்லையே" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. ஒருவகையில் உங்களுக்கு நற்பேறு. உங்கள் மாடி முகப்பின்மேல் ஏற்கெனவே கூரை இருக்கிறது! நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் வெயில் படும் இடமாக இருந்தால் போதும். பழைய பெயிண்ட் வாளியை நன்கு கழுவி, அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். இரண்டு வாளி மிளகாய், மூன்று வாளி கீரை. பொது நடைபாதையை மறைக்காமலும் கம்பியின் வெளிப்புறத்தில் தொங்கவிடாமலும் வையுங்கள். குளிர்நாட்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்து, பனி வருமுன் வீட்டிற்குள் தூக்கி வந்து, சன்னலோரத்தில் பிள்ளைபோல் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கு இயலும்போது, பனியே இல்லாத குருணில் நமக்கு இயலாதா?

நிறைவாக...

ஐந்து வாளிக் கீரை ஒரு குடும்பத்தின் வறுமையை ஒழித்துவிடும் என்று நான் கூறவில்லை. கீரை விலை ஏறினால் கீரையையே நிறுத்த வேண்டிய நிலையில் ஒரு தாய் இருப்பது, தோட்டம் போட்டுத் தீர்க்கக்கூடிய சிக்கலன்று. அது கூலியையும் விலைவாசியையும் பற்றியது. அதனைப் பேச வேண்டிய இடத்தில் பேசத்தான் வேண்டும். ஆனால் அது தீரும்வரை அந்தப் பிள்ளையின் தட்டு காத்திருக்க முடியாது. அவன் இப்போது வளர்கிறான்.

எங்கள் பள்ளியில் இன்னும் கூரை எழவில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்பதாக இருக்கிறேன். ஜூலை பிறப்பதற்குள் கூரை எழ வேண்டும், ஜூலையில் மிளகாய் விதை மண்ணில் இறங்க வேண்டும். பிந்தினால் இன்னோர் ஆண்டும் பலகை மட்டுமே மிஞ்சும்.

உங்கள் பள்ளியிலும் கேளுங்கள். பெற்றோர்களே, பள்ளி கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முன்வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த நடவு முறைகளையும், உங்கள் பாட்டி தாத்தாவிடம் கற்றவற்றையும் எனக்கு எழுதுங்கள். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

மழை நிற்கட்டும், பிறகு கீரை வாங்கலாம் என்று அந்த மாணவன் சொன்னான். அடுத்த அக்டோபரில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே அவன் கையால் கீரை பறித்து வீட்டிற்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் ஆசை.

முயல்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்ப்பள்ளிகள்!